சீகிரியாவுக்கு விரையும் பஸ்

கண்டியிலோ பேராதனையிலோ மாநாடு கூடினால் கடைசி நாளில் விருந்தினரை சீகிரியாவுக்கு அழைத்துப்போவது வழக்கம். நிகழ்ச்சி நிரலில் அது ‘கண்டிச் சுற்றுலா’ என்று அச்சாகியிருக்கும். சீகிரியாவும் தம்புள்ளையும் மாத்தளை மாவட்டத்தில் இருக்கின்றன. பஸ்ஸில் போகிறவர்களுக்கு அந்தப் பெயரையாவது யாராவது சொல்ல வேண்டும்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்பது ஏற்பாட்டாளர்களிடம் ஊறிப்போன நம்பிக்கை. கண்டியிலிருந்து சீகிரியா ஏறத்தாழ 90 கிலோமீற்றர். மாத்தளை வரை வளைவும் நெரிசலுமான வீதி. போய்ச் சேரவே இரண்டரை, மூன்று மணி நேரமாகும். குன்றின் படிகள் சுமார் 1,200. ஆற அமரக் காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்புகிற குழு, சரியாக உச்சி வெயிலில் பாறையில் நிற்கும். விடியுமுன் புறப்பட வேண்டும், இல்லையென்றால் தம்புள்ளையில் ஓர் இரவு தங்க வேண்டும்.

ஏற முடியாதவர்கள் பஸ்ஸிலேயே இருக்கட்டும் என்பார்கள். வயதான பேராசிரியர்கள் அப்படி உட்கார்ந்திருப்பதைக் கண்டால் மனம் கேட்பதில்லை. அடிவாரத்து நீர்ப்பூங்கா பெரும்பாலும் சமதரை. காசியப்ப மன்னன் காலத்து நீரூற்றுகளில், அதாவது 5ஆம் நூற்றாண்டில் அமைத்தவற்றில், நல்ல மழைக்காலத்தில் இன்றும் தண்ணீர் எழும்புகிறது.

சீகிரியா என்றால் காசியப்பனின் கோட்டையும் ஓவியப் பெண்களும் மட்டும்தான் என்பது இன்னொரு குறைப்பார்வை. அவனுக்கு முன்பும் பின்பும் அங்கே பிக்குகள் வாழ்ந்தார்கள். அவனுடைய ஆட்சி 495இல் முடிந்த பிறகு, ஊர் ஊராக ஆட்கள் அந்தப் பாறையைப் பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் பாறையிலுள்ள ‘கண்ணாடிச் சுவர்’ எனப்படும் சுவரில் தங்கள் வியப்பைப் பாட்டாகக் கீறிவைத்தார்கள். பிக்குகள், அதிகாரிகள், பெண்கள் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். தொல்லியலாளர் சேனரத் பரணவிதான அவற்றில் 685 பாடல்களைப் படித்து 1956இல் நூலாக்கினார். சுற்றிப் பார்க்க வந்தவர்கள் விட்டுப்போன எழுத்துகள் இத்தனை பழைமையோடு வேறெங்கும் எளிதில் கிடைக்குமா? வழிகாட்டிகள் இந்தச் சுவரை இரண்டு நிமிடத்தில் கடத்திவிடுவது பெரிய இழப்பு.

தம்புள்ளையில் வீதியோரப் பொற்சிலை முன் படமெடுத்துக்கொண்டு, பொற்கோயிலைப் பார்த்தாயிற்று என்று திரும்புகிறவர்கள் உண்டு. அந்தச் சிலை அண்மைக்காலத்தது. 1991இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை மேலே பாறையிலுள்ள ஐந்து குகைகள். பகைவருக்கு அஞ்சி வலகம்பா மன்னன் ஒளிந்திருந்தது அங்கேதான் என்பது மரபு. மாத்தளை நகருக்கு அருகே அலுவிகாரையில் பௌத்தத் திருநூலான திரிபிடகம் முதன்முதலாக ஓலையில் ஏறியதும் அவன் காலத்தில்தான் என்கிறார்கள். 1848 கிளர்ச்சியை அடக்கிய ஆங்கிலேயப் படை அந்த விகாரையைப் பாழாக்கியது. பௌத்த உலகத்துக்கே பெரிய அந்த இடத்தைத் தாண்டி பஸ் நிற்காமல் போகிறது. வாசனைத் திரவியத் தோட்டத்தில் மட்டும் தவறாமல் நிற்கிறது. அங்கே சுற்றிக் காட்டுவது இலவசம்தான். முடிவில் தைலமும் களிம்பும் விற்பார்கள், அழைத்துவந்தவருக்குக் கொமிஷனும் போகலாம். மிளகையும் சாதிக்காயையும் கொடியிலும் மரத்திலும் பார்ப்பதில் எனக்கு மறுப்பில்லை. வாங்கும் முன் நகரக் கடையில் விலை கேட்டுக்கொள்ளுங்கள்.

அதே வழியிலுள்ள நாலந்தா கெடிகே என்ற பழைய கற்கட்டடத்தைக் காண்கிற தமிழர்கள் பல்லவர் கோயிலென்றே நினைப்பார்கள். கட்டடம் அந்தச் சாயலில் இருந்தாலும் அது பௌத்த வழிபாட்டிடம். அது இப்போது நிற்பதும் கட்டிய இடத்தில் அல்ல. போவத்தென்ன நீர்த்தேக்கத்தில் மூழ்காதிருக்க, 1980ஐ ஒட்டிக் கல் கல்லாகப் பெயர்த்து மீண்டும் அடுக்கினார்கள்.

மாத்தளை நகரம் சாப்பாட்டுக்கு நிற்கிற இடம் மட்டுமே என்ற எண்ணம்தான் என்னை அதிகம் வருத்துகிறது. 19ஆம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கிய தமிழ்த் தொழிலாளர்கள் காட்டுவழியே தம்புள்ளையைக் கடந்து, கோப்பித் தோட்டங்களை நாடி இங்கே நடந்து வந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் பலர் வழியிலேயே மாண்டார்கள். பிழைத்தவர்கள் மாத்தளையில் மாரியம்மனைக் கும்பிட்டார்கள். 108 அடி இராஜகோபுரத்தோடு நிற்கிற முத்துமாரியம்மன் கோயில் அந்த மக்களின் வழிவந்தது. மாசி மகத்தில் ஐந்து தேர்கள் ஓடுகின்றன. குளிரூட்டிய பஸ் தம்புள்ளையிலிருந்து திரும்புவது அவர்கள் நடந்த தடத்தில்தான். கோயிலுக்கு அரை மணியும் அலுவிகாரைக்கு ஒரு மணியும் ஒதுக்கினால் போதும். வாசனைத் தோட்டத்து நேரத்தைக் குறைத்தாலே அது கிடைத்துவிடும்.