பொன்ஜூர் சொன்னால் பொற்கிழியா?

"பிரெஞ்சு தெரிந்தால் போதும், கனடா அரசே காசு கொடுத்துக் கூட்டிப்போகிறதாம்." சென்னையிலும் புதுச்சேரியிலும் மாலை நேரப் பிரெஞ்சு வகுப்புக்கு விசாரிக்க வருகிறவர்களில் பலர் இந்தச் சேதியோடுதான் வாசல்படி ஏறுகிறார்கள். விமான டிக்கெட், முதல் ஆறு மாத வாடகை, கைச்செலவுக்கு டாலர் என்று, சொல்லுகிறவரின் தாராள மனதுக்குத் தக்கபடி பட்டியல் நீளும். தருமிக்குக்கூட ஒரு பாட்டு தேவைப்பட்டது. இங்கே "பொன்ஜூர்" என்று ஒரு வணக்கம் வைத்தாலே பொற்கிழி கைக்கு வந்துவிடுமாம்.

வராது. பிரெஞ்சு தெரியும் என்பதற்காக ஒரு டாலர்கூட வராது. எத்தனை முறை சொன்னாலும் இந்தப் புரளி மட்டும் அடங்குவதாக இல்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடலாம்.

புரளிக்கு ஒரு பிறந்த இடம் உண்டு. 2024 ஜனவரியில் அப்போதைய குடிவரவு அமைச்சர் மார்க் மில்லர், நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தின் கராக்கே என்ற கடலோர ஊரில் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். கியூபெக்குக்கு வெளியே சிறுபான்மையாக வாழும் பிரெஞ்சுமொழிச் சமூகங்களுக்குப் பிரெஞ்சு பேசும் குடியேறிகளை வரவழைக்க ஒரு புதிய கொள்கை. அதைச் செயல்படுத்த நிதியுதவித் திட்டம். தலைப்போடு படிப்பதை நிறுத்திக்கொண்டவர்கள் வாட்ஸ்அப்பில் மீதிக் கதையை எழுதிவிட்டார்கள்.

அந்த நிதி யாருக்கு என்று அறிவிப்பிலேயே இருக்கிறது. லாப நோக்கற்ற அமைப்புகள், கல்வி நிறுவனங்கள், நகராட்சிகள் போன்றவை திட்ட வரைவு எழுதி, போட்டியில் தேர்வாகி, ஒப்பந்தம் போட்டு, செலவுக்குக் கணக்குக் காட்டிப் பெறுகிற பணம் அது. வெளிநாடுகளில் இந்த ஊர்களைப் பற்றிப் பிரசாரம் செய்வது, உள்ளூர் முதலாளிகளைப் பிரெஞ்சு பேசும் ஊழியர்களை எடுக்கத் தயார்ப்படுத்துவது, ஆய்வு செய்வது ஆகியவையே வேலை. தனி ஆள் விண்ணப்பிக்க அதில் இடமே கிடையாது. கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு 'ஃபார்ம் எங்கே கிடைக்கும்' என்று கேட்பவருக்கு ஒரே பதில்தான்: அப்படி ஒரு ஃபார்ம் அச்சாகவே இல்லை.

வதந்தியோடு சேர்ந்து ஒரு பெரிய தொகையும் சுற்றுகிறது: 410 கோடி டாலர். தொகை பொய்யில்லை. 2023 முதல் 2028 வரையிலான ஆட்சிமொழிகள் செயல்திட்டத்தின் ஐந்தாண்டு மொத்தம் அது. பள்ளிகள், மருத்துவ சேவை, நீதிமன்ற சேவை, கலை, சமூக வானொலி, கியூபெக்கில் சிறுபான்மையாக இருக்கும் ஆங்கிலச் சமூகங்கள் என்று எல்லாமே அதற்குள் அடக்கம். அதில் 140 கோடிதான் புதிய பணம். மீதி ஏற்கெனவே நடந்துவந்த செலவுகளின் தொடர்ச்சி. குடிவரவுக்கு ஒதுக்கியது இந்த மொத்தத்தில் ஒரு சிறு துண்டு.

இதற்கு முந்தைய ஒரு கணக்கையும் பார்க்கலாம். 'பிரெஞ்சுமொழி வரவேற்புச் சமூகங்கள்' என்ற முன்னோடித் திட்டத்துக்கு 2020 முதல் மூன்று ஆண்டுகளுக்கு 1.26 கோடி டாலர் ஒதுக்கினார்கள். பதினான்கு சமூகங்கள் தேர்வாயின. லாப்ரடார் சிட்டி, நோவா ஸ்கோஷியாவின் கிளேர், ஒன்டாரியோவின் சட்பரி, ஹாமில்டன், ஹாக்ஸ்பரி, ஆல்பர்ட்டாவின் கால்கரி என்று தொடங்கி, கனடாவின் வடபகுதியில் உள்ள இகாலுயிட் வரை நீளும் பட்டியல். வகுத்துப் பாருங்கள்: ஒரு சமூகத்துக்கு ஆண்டுக்குச் சராசரியாக 3 லட்சம் டாலர். கனடாவின் சம்பள அளவில் நாலைந்து ஊழியரும் ஓர் அலுவலகமும்தான் இதற்குத் தாங்கும். வந்திறங்குகிறவரை எதிர்கொள்வது, வாடகை வீடு தேட உதவுவது, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வழிகாட்டுவது, ஊர்க்காரர்களோடு அறிமுகம் செய்துவைப்பது ஆகிய வேலைகளுக்கு அந்தப் பணம் போயிற்று. நல்ல வேலைகள்தாம். ஆனால் எவருடைய வங்கிக் கணக்கிலும் அவை டாலராக விழுவதில்லை.

உண்மையில் பணம் எதிர்த்திசையில்தான் பாய்கிறது. வேலை வாய்ப்புக் கடிதம் இல்லாமல் வெளிநாட்டிலிருந்து கூட்டாட்சித் திறன்மிகு தொழிலாளர் பிரிவில் விண்ணப்பிக்கும் ஒருவர், தம் கையில் போதிய பணம் இருப்பதை நிரூபிக்க வேண்டும். 2025 நிலவரப்படி தனி ஆளுக்கு 15,000 டாலருக்கு மேல். குடும்பம் பெரிதானால் தொகையும் பெரிதாகும். பிரெஞ்சு சரளமாகப் பேசுகிறார் என்பதற்காக இதில் சலுகை கிடையாது. விண்ணப்பக் கட்டணம், மொழித் தேர்வுக் கட்டணம், பட்டச் சான்றிதழ் மதிப்பீட்டுக் கட்டணம் எல்லாம் தனி.

நிரந்தர வசிப்புரிமை பெற்று அங்கே போய்ச் சேர்ந்தவருக்கு இலவச மொழி வகுப்பும், வேலை தேட ஆலோசனையும் உண்டு என்பது மெய். அது ஆங்கிலம் பேசி வந்தவருக்கும் உண்டு. அரசின் பொறுப்பில் அழைத்துவரப்படும் அகதிகளுக்குத் தொடக்க மாதங்களில் உதவித்தொகையும் உண்டு. அதற்கும் பிரெஞ்சுக்கும் தொடர்பில்லை. இந்த மூன்றையும் ஒன்றாகக் குழைத்துத்தான் 'காசு கொடுத்துக் கூட்டிப்போகிறார்கள்' என்ற கதை தயாராகியிருக்கிறது.

சரி, காசு தருவதில்லை என்றால் கனடா எதற்காக இத்தனை மெனக்கெடுகிறது? கணக்கு எளிது, கசப்பானதும்கூட. 1971-இல் கியூபெக் நீங்கலான கனடாவில் பிரெஞ்சுமொழியினர் 6.1 சதவீதம். 2021 கணக்கெடுப்பில் 3.3 சதவீதம். பிறப்பு குறைந்தது, வீட்டுக்குள் ஆங்கிலம் புகுந்தது, வந்து சேர்ந்த குடியேறிகளோ பெரும்பாலும் ஆங்கிலத்தின் பக்கம். அதற்கு முந்தைய வரலாறும் உதவவில்லை. மனிடோபா 1890-இல் பிரெஞ்சின் ஆட்சிமொழித் தகுதியைப் பறித்தது. ஒன்டாரியோ 1912-இல் 17-ஆம் விதி என்ற ஒன்றைக் கொண்டுவந்து, தொடக்கப் பள்ளியின் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பிரெஞ்சுவழிக் கல்வியை முடக்கியது.

இலக்கு வைக்காமல் இல்லை. 2003-இல் வைத்தார்கள்: கியூபெக்குக்கு வெளியே குடியேறுகிறவர்களில் 4.4 சதவீதம் பிரெஞ்சு பேசுவோராக இருக்க வேண்டும், 2008-க்குள். நடக்கவில்லை. கெடுவை 2023-க்குத் தள்ளினார்கள். 2022-இல்தான் முதன்முறையாக அந்த எண்ணைத் தொட முடிந்தது. ஆட்சிமொழிகள் ஆணையர் ரேமோன் தெபெர்ஜ் 2021-இல் வெளியிட்ட ஆய்வு பற்றாக்குறையைத் துல்லியமாகவே கணக்கிட்டது: 2008 முதலே இலக்கை எட்டியிருந்தால் 2020 வரை இன்னும் 75,839 பிரெஞ்சுமொழிக் குடியேறிகள் வந்திருப்பார்கள். ஏறத்தாழ 76,000 பேர் வராமலே போன ஒரு திட்டத்தைத்தான் இங்கே 'அள்ளிக் கொடுக்கிறார்கள்' என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

2023 ஜூனில் திருத்தப்பட்ட ஆட்சிமொழிகள் சட்டம், பிரெஞ்சுமொழிக் குடிவரவுக்குக் கொள்கையும் இலக்கும் வகுப்பதை அமைச்சரின் கடமையாக்கியது. பழைய 6.1 சதவீதத்தை மீட்பதே நோக்கம். அதன்பின் வேகம் கூடியது. 2024-இல் கியூபெக்குக்கு வெளியே வந்தவர்களில் 7 சதவீதத்துக்கு மேல், அதாவது 30,000 பேருக்கு மேல், பிரெஞ்சு பேசுவோர். இதுவும் போதாது என்பது பிரெஞ்சுமொழி மற்றும் அகாடியச் சமூகங்களின் கூட்டமைப்பின் வாதம். 12 சதவீதத்தில் தொடங்கி 2036-க்குள் 20 சதவீதத்தைத் தொட வேண்டும் என்று அது கேட்டது. அரசு 2025-க்கு வைத்தது 8.5. எழுபதுகளின் விகிதத்துக்கு உண்மையிலேயே திரும்ப நினைத்தால் கூட்டமைப்பின் கணக்குதான் நேர்மையானது.

இந்தத் திட்டத்தில் ஒரு தனி ஆளுக்குப் பலன் எங்கே இருக்கிறது? மதிப்பெண்ணில். திறன்மிகு தொழிலாளர்களைப் புள்ளி அடிப்படையில் தேர்ந்தெடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் பிரெஞ்சுக்கு அதிகபட்சம் 50 கூடுதல் புள்ளிகள். 2023 முதல் பிரெஞ்சு அறிந்தோருக்கென்று தனி அழைப்புச் சுற்றுகளும் நடக்கின்றன. 2024 பிப்ரவரி 28-இல் நடந்த பொதுச் சுற்றில் 534 புள்ளிகள் இருந்தால்தான் அழைப்பு. மறுநாள் நடந்த பிரெஞ்சுச் சுற்றில் 336 போதுமானதாக இருந்தது. ஏறக்குறைய 200 புள்ளி வித்தியாசம்! இவ்வளவு பெரிய உண்மையான லாபம் கண்ணெதிரே இருக்க, இல்லாத வாடகைப் பணத்தைத் தேடி அலைகிறவர்களை என்ன சொல்வது.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை.

பிரெஞ்சு என்றால் கியூபெக் என்பது ஒன்று. கியூபெக் தன் பொருளாதாரக் குடியேறிகளை 1991 ஒப்பந்தப்படி தானே தேர்ந்தெடுக்கிறது. அங்கே வாழ நினைப்பவருக்கு எக்ஸ்பிரஸ் என்ட்ரி வழியே கிடையாது. கியூபெக்குக்கு வெளியே பிரெஞ்சை முதல் ஆட்சிமொழியாகக் கொண்டவர்கள் சுமார் 10 லட்சம் பேர். அவர்களில் பாதிக்கு மேல் ஒன்டாரியோவில்.

ஆங்கிலமே வேண்டாம் என்பது இன்னொன்று. விண்ணப்ப விதியளவில் சரி. கால்கரியில் வேலைக்குப் போனால் முதல் நாளே தெரிந்துவிடும்.

பிரெஞ்சுச் சுற்றில் தேர்வானால் சின்ன ஊரில்தான் கிடக்க வேண்டும் என்பதும் தவறு. நிரந்தர வசிப்புரிமை பெற்றவர் எந்த மாகாணத்துக்கும் போய் வாழலாம், வேலை பார்க்கலாம். கனடாவின் உரிமைச் சாசனத்தின் 6-ஆம் பிரிவே இதைச் சொல்கிறது. 2025-இல் தொடங்கிய சமூக முன்னோடித் திட்டம் மட்டும் வேறு வகை. சட்பரி, டிம்மின்ஸ், கெலோனா, மனிடோபாவின் சென் பியேர் ஜோலி உட்பட ஆறு இடங்கள். அங்கே அங்கீகாரம் பெற்ற முதலாளியின் வேலைக் கடிதமும், அந்தச் சமூகத்தின் பரிந்துரையும், அங்கேயே வாழும் எண்ணமும் வேண்டும்.

மாணவர்களுக்கான தனி முன்னோடித் திட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, 2024 ஆகஸ்ட் முதல். ஆப்பிரிக்கா, மத்தியக் கிழக்கு, அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த 33 நாடுகளுக்கு. இந்தியாவும் இல்லை, இலங்கையும் இல்லை. இதற்கு 'சீட் வாங்கித் தருகிறேன்' என்று எவராவது முன்பணம் கேட்டால், எழுந்து வந்துவிடுங்கள்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களிலும் ஒரு நம்பிக்கை உண்டு, பாஸ்போர்ட்டைக் காட்டினால் மொழித் தேர்வு தேவையில்லை என்று. பாரிஸில் பிறந்து வளர்ந்தவரும் தேர்வு எழுதித்தான் ஆக வேண்டும். அதுவும் டெஃப் கனடா அல்லது டிசிஎஃப் கனடா. பலரும் பெருமையோடு சட்டம் போட்டு மாட்டியிருக்கும் டெல்ஃப் சான்றிதழ் இதற்குச் செல்லாது. முடிவுகளுக்கு ஆயுள் இரண்டே ஆண்டு.

தேர்வு என்று வந்தபிறகு, 'மூன்று மாதத்தில் பி2' விளம்பரங்களைக் கண்டும் காணாமல் போக முடியாது. பிரெஞ்சுச் சுற்றுக்குப் படித்தல், எழுதுதல், கேட்டல், பேசுதல் நான்கிலும் கனடாவின் பிரெஞ்சு அளவுகோலில் ஏழாம் நிலை வேண்டும், ஐரோப்பிய அளவுகோலில் ஏறக்குறைய பி2. புதிதாகத் தொடங்குகிறவருக்கு வகுப்பறையிலேயே 600 மணி நேரம் அளவுக்கு ஆகும் என்பதுதான் மொழி ஆசிரியர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. தினம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் பத்து மாதம். மூன்று மாதம் என்கிறவரிடம் நாளுக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்டுப் பாருங்கள், பேச்சை மாற்றுவார்.

நம் பிள்ளைகள் எங்கே விழுகிறார்கள் என்றால், பேச்சில். டெஃப் கனடாவின் பேச்சுத் தேர்வு பதினைந்து நிமிடம். முதல் ஐந்து நிமிடம் ஒரு விளம்பரத்தைக் கையில் கொடுத்து, அதைப் பற்றி விசாரிக்கச் சொல்வார்கள். கேள்விகளை நீங்களே போட வேண்டும். அடுத்த பத்து நிமிடம் இன்னொரு விளம்பரத்தைக் காட்டி, அதில் சேரும்படி ஒரு நண்பரை வற்புறுத்துவதுபோல் பேச வேண்டும். நண்பராக நடிக்கும் தேர்வாளர் லேசில் ஒத்துக்கொள்ள மாட்டார். மனப்பாடம் செய்த கட்டுரை எதுவும் அங்கே கைகொடுக்காது.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பிளஸ் டூ வரை மொழிப்பாடமாகப் பிரெஞ்சு எடுத்து, நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கி வந்த பிள்ளையால் ஒரு தேநீருக்கு விலை கேட்க முடிவதில்லை. குற்றம் பிள்ளையுடையது அல்ல. மதிப்பெண் எளிதாகக் கிடைக்கும் என்றே அந்தப் பாடத்தை எடுக்க வைக்கிறோம். வாய் திறக்காமலே அதில் தேறவும் விடுகிறோம். பிறகு இருபத்தேழு வயதில், கனடாக் கனவோடு, அதே பிள்ளை மறுபடி முதல் பாடத்திலிருந்து பணம் கட்டிப் படிக்கிறது. பள்ளித் தேர்வில் இருபத்தைந்து மதிப்பெண்ணைப் பேச்சுக்கு ஒதுக்கினால் இந்தக் கூத்து பாதியில் நிற்கும். மொத்த மதிப்பெண் குறைகிறதே என்று பெற்றோர் முதல் ஆண்டு சண்டைக்கு வருவார்கள். வரட்டும். டெஃப் தேர்வுக் கட்டணத்தை இரண்டாம் முறை கட்டும்போது வரும் ஆத்திரத்தைவிட அது குறைவாகத்தான் இருக்கும்.