டிஸ்க் மாறினால் சிஸ்டம் கூடவே வருமா?

"புது டிஸ்க் வாங்கி, பழசுல இருந்ததை எல்லாம் காப்பி பண்ணிட்டேன். ஆனா பூட் ஆக மாட்டேங்குது!" நம் லேபில் அடிக்கடி கேட்கிற புலம்பல் இது. ஒரு ஃபைல்கூடக் குறையவில்லை. பிறகு ஏன் எழும்பவில்லை?

பவர் கொடுத்தவுடன் கம்ப்யூட்டருக்கு விண்டோஸ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. பழைய முறையில், மதர்போர்டில் உள்ள பயாஸ், டிஸ்க்கின் முதல் செக்டாரை மட்டும் மெமரிக்கு ஏற்றும். வெறும் 512 பைட்! 1983-இல் ஐபிஎம் பிசி எக்ஸ்டி 10 எம்பி ஹார்ட் டிஸ்க்கோடு வந்த காலத்து ஏற்பாடு இது. அந்த 512-இல் முதல் 446 பைட் ஒரு குட்டி புரோகிராமுக்கு. அடுத்த 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணை. ஒன்றுக்கு 16 பைட் வீதம் நாலே நாலு பேருக்குத்தான் இடம். கடைசி 2 பைட்டில் 55, ஏஏ என்ற ஹெக்சாடெசிமல் முத்திரை. குட்டி புரோகிராம் ஆக்டிவ் பார்ட்டிஷனைத் தேடும். அதன் முதல் செக்டாரை எழுப்பும். அது சிஸ்டத்தை எழுப்பும்.

விஷயம் இங்கேதான் இருக்கு. அந்த முதல் செக்டார் எந்த ஃபைலுக்குள்ளும் இல்லை. ஃபைல்களைக் காப்பி செய்தால் அது எப்படி வரும்? டாஸ் காலத்திலேயே இந்தத் தொல்லை உண்டு. ஐஓ டாட் சிஸ், எம்எஸ்டாஸ் டாட் சிஸ் இரண்டும் மறைந்திருக்கும் ஃபைல்கள். காப்பி கட்டளைக்கு அவை தெரியாது. அதற்காகவே 'சிஸ்' என்று தனிக் கட்டளை வைத்தார்கள்.

இப்போதைய யூஇஎஃப்ஐ மெஷின்கள் முதல் செக்டார் புரோகிராமை நம்புவதில்லை. ஃபேட்32-இல் உள்ள ஒரு சின்ன இஎஃப்ஐ பார்ட்டிஷனில் பூட் லோடரைத் தேடுகின்றன. அதற்கு டிரைவ் எழுத்து கிடையாது. எனவே சி டிரைவை மட்டும் காப்பி செய்கிறவர் கண்ணில் அது படாது. ஆக, கதை பழைய கதைதான்!

வழி? டிஸ்க்கை செக்டார் செக்டாராக அப்படியே குளோன் செய்வது. லினக்ஸில் 'டிடி' கட்டளை போதும். ஆனால் அது கேள்வி கேட்காது. இன்புட்டையும் அவுட்புட்டையும் மாற்றிப் போட்டால், காலி டிஸ்க்கை எடுத்து உங்கள் மூணு வருஷ உழைப்பின் மேல் எழுதிவிடும். எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களை நம்பாதீங்க. அடுத்த பூட்டில் இடம் மாறலாம். கொள்ளளவையும் சீரியல் நம்பரையும் பார்த்த பிறகே என்டர் தட்டுங்க.

500 ஜிபி டிஸ்க்கை 240 ஜிபி எஸ்எஸ்டிக்கு இப்படி நேராக அனுப்ப முடியாது. பார்ட்டிஷன்களைச் சுருக்கி, ஒவ்வொன்றாகத்தான் கொண்டுபோக வேண்டும். ஜிபிடி முறையில் பார்ட்டிஷன் அட்டவணையின் இன்னொரு பிரதி டிஸ்க்கின் கடைசியில் இருக்கும். பெரிய டிஸ்க்குக்குப் போனால் அது நடுவில் மாட்டிக்கொள்ளும்; அதையும் கடைசிக்கு நகர்த்த வேண்டும்.

பழைய டிஸ்க் 'டிக் டிக்' என்று சத்தம் போடுதா? அப்போ குளோனிங்கை மறந்துட்டு, முதலில் புராஜெக்ட் ரிப்போர்ட்டைப் பென் டிரைவில் எடுங்க! சிஸ்டத்தை மறுபடி இன்ஸ்டால் பண்ணலாம், ரிப்போர்ட்டை எந்த சிடியிலிருந்து இன்ஸ்டால் பண்ணுவீங்க? அதற்குப் பிறகு முழு டிஸ்க்கும் வேண்டுமென்றால் 'டிடிரெஸ்க்யூ'. நல்ல பகுதிகளை முதலில் வாரிக்கொண்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில்தான் திரும்பி வரும்.

பிட்லாக்கர் போட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியை முன்னாடியே தாளில் எழுதி வையுங்க.

குளோன் முடிந்ததும் முதல் பூட்டுக்கு முன் பழைய டிஸ்க்கைக் கழற்றிவிடுங்க. இரண்டுக்கும் இப்போது அடையாள எண் ஒன்றே. இரண்டும் மாட்டியிருந்தால் விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைனில் தள்ளும். லினக்ஸோ, புதுசிலிருந்து கிளம்பி பழசை மவுண்ட் செய்தாலும் ஆச்சரியமில்லை. நீங்கள் புதுசில் வேலை செய்வதாக நினைத்துக்கொண்டு பழசில் எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

நீலத் திரையில் 'இன்ஆக்செஸிபிள் பூட் டிவைஸ்' என்று வந்தால் பயப்படாதீங்க. டேட்டா போகவில்லை, புதிய கன்ட்ரோலருக்கான டிரைவர் பூட் நேரத்தில் ஏறவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். ஒருமுறை சேஃப் மோடில் ஏற்றிப் பாருங்கள். பூட் லோடரே காணோம் என்றால், இன்ஸ்டலேஷன் பென் டிரைவில் பூட் செய்து 'பிசிடிபூட்' கட்டளை. லினக்ஸுக்கு 'கிரப் இன்ஸ்டால்'.

இரண்டு வாரம் புதுசில் ஒழுங்காக வேலை நடக்கும்வரை பழைய டிஸ்க்கை ஃபார்மட் செய்யாமல் அலமாரியில் வைத்திருங்கள்.