மீன்பிடி படகும் ஓர் ஆராய்ச்சிக்கூடமே!

"ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்பது முன்னோர் மொழி. உலகப் பரப்பில் ஏறத்தாழ 71 விழுக்காடு கடல். அதன் மேற்பரப்பின் வெப்பத்தைச் செயற்கைக் கோள்கள் அளந்து கூறுகின்றன. ஆனால் அடியில் உள்ள நீரின் நிலையை அவற்றால் காண இயலாது.

இக்குறையைப் போக்க 'ஆர்கோ' எனப்படும் மிதவைகள் ஏறக்குறைய 4,000 உலகக் கடல்களில் உலவுகின்றன. இவை 2,000 மீட்டர் வரை மூழ்கி, பத்து நாட்களுக்கு ஒருமுறை மேலே வந்து செய்தி அனுப்பும். எனினும் இவை ஆழ்கடலுக்கென அமைந்தவை. கரையை அடுத்த ஆழம் குறைந்த கடலுக்கு ஏற்றவை அல்ல. மீன்வளம் மிகுந்திருப்பதோ அங்கேதான்! அங்கே ஓயாது சென்று வருபவர் யார்? மீனவர் அன்றோ!

இதனை உணர்ந்து, 2001-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் 'ஈமோல்ட்' என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. அங்குள்ள மீனவர் சிங்கி இறால் பிடிப்பதற்காகக் கூண்டுகளைக் கடலின் அடித்தரையில் இறக்கி வைப்பர். அக்கூண்டுகளில் சிறிய வெப்பமானிகளைப் பொருத்தினர். கூண்டு கிடக்கும் நாட்களெல்லாம் கருவி அடிநீரின் வெப்பத்தைப் பதிவு செய்யும். இப்போதுள்ள கருவிகள், கூண்டை மேலே தூக்கியதும் படகிலுள்ள பெட்டிக்குக் கம்பியில்லா முறையில் கணக்கை ஒப்படைத்துவிடுகின்றன. இதற்கெனத் தனிக் கப்பல் அனுப்பும் செலவு இல்லை.

இதனால் மீனவருக்கு என்ன பயன்? 2019 செப்டம்பரில் கேப் காட் விரிகுடாவின் தென்பகுதியில் கூண்டுகளைத் தூக்கிய மீனவர் திடுக்கிட்டனர். உள்ளே சிங்கி இறால்கள் செத்துக் கிடந்தன! அடிநீரில் பிராணவாயு குறைந்ததே காரணம் என ஆய்வில் தெரிந்தது. கோடையில் சூடான மேல்நீர், குளிர்ந்த அடிநீரின்மேல் மூடிபோல் நிற்கும்; இரண்டும் கலப்பதில்லை. அடியில் விழுந்து மக்கும் பொருள்கள் அங்குள்ள பிராணவாயுவைத் தீர்த்துவிடுகின்றன. அதன்பின் பிராணவாயுவை அளக்கும் கருவிகளும் மீனவரின் கூண்டுகளில் ஏறின. அளவு குறைவதை முன்னரே அறிந்தால், கூண்டுகளை வேறிடத்துக்கு மாற்றிப் பிழைப்பைக் காத்துக்கொள்ளலாம் அல்லவா?

நியூசிலாந்திலும் 2018-இல் தொடங்கிய 'மோவானா' திட்டத்தில், வெப்பத்தையும் ஆழத்தையும் அளக்கும் கருவிகளை மீன்பிடி படகுகள் சுமந்தன. அக்கருவிக்கு 'மாங்கோபாரே' என்று பெயர். மாவோரி மொழியில் அதற்குக் கொம்பன் சுறா என்பது பொருள்.

இதில் ஒன்றை மறத்தலாகாது. நல்ல மீன் கிடைக்கும் இடம் மீனவரின் சொத்து. அளவுகளைப் பெறுவோர் அந்த இரகசியத்தைக் காக்க வேண்டும். கண்டறிந்ததை அவருக்கே திருப்பிச் சொல்லவும் வேண்டும். நம்பிக்கை இல்லையேல் கருவி இருந்தும் பயனில்லை.

பூகோளப் பாடத்தில் நீரோட்டங்களின் பெயர்களை மனப்பாடம் செய்யும் நாங்கள், இனி அவற்றை அளந்து தரும் கைகளையும் நினைவில் கொள்வோம். வலை இழுத்துக் காய்த்த கைகளும் விஞ்ஞானத்தை வளர்க்கின்றன!