நெஞ்சகத்து ஒலிகள்

நமது உடல் ஒருபொழுதும் ஓசையின்றி இருப்பதில்லை. மூச்சு உட்சென்று வெளிவருதலாலும், இருதயத்தின் வால்வுகள் எனப்படும் கதவங்கள் மூடுதலாலும் ஓயாது ஒலிகள் பிறக்கின்றன. அவற்றின் இயல்பை நன்கறிந்தார்க்கே இயல்பு திரிந்த ஒலி புலப்படும். அத்தகைய ஒலிகளுட் சிலவற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இத்துறைக்கு வித்திட்டவர் பிரெஞ்சு தேசத்து மருத்துவர் லயனெக் என்பார். 1816-ஆம் ஆண்டிலே பாரிஸ் மாநகரில் இருதய நோய்க்குறிகளுடைய இளம்பெண் ஒருத்தியைச் சோதிக்குங்கால், அவள் மார்பிற் செவி வைத்துக் கேட்டல் முறையன்றென எண்ணி, காகிதச்சுருள் ஒன்றன் ஒரு முனையை அவள் மார்பிலும் மறுமுனையைத் தம் செவியிலும் பொருத்தினார். வெறுஞ்செவியினும் தெளிவாக இருதயத்துடிப்புக் கேட்டது. பின்னர் மரக்குழல் செய்து, பல நோயாளரைச் சோதித்து, 1819-இல் தம் நூலை வெளியிட்டார். ஸ்டெதாஸ்கோப்புப் பிறந்த வரலாறு இதுவே.

நுரையீரலின் இயல்பான மூச்சொலி, இலைகளினூடே இளங்காற்று அசைந்தாற் போன்றது. நிமோனியா முதலிய நோய்களில் நீர் கோத்து மூடுண்ட சிறு காற்றுக்குழல்கள், மூச்சை உள்ளிழுக்கும்போது திடீரெனத் திறக்கின்றன. அப்பொழுது காய்ந்த சட்டியிலிட்ட உப்பு வெடிப்பது போன்ற பொரியொலி எழும். ஆஸ்துமா என்னும் இழுப்பு நோயில் குழல்கள் சுருங்குதலால், பெரும்பாலும் மூச்சை வெளிவிடுகையில் சீழ்க்கையொலி கேட்கும். நுரையீரலைப் போர்த்துள்ள ஈரடுக்குச் சவ்வு அழற்சியுற்றாலோ, புதுத் தோற்செருப்பணிந்து நடக்குங்கால் எழுவதையொத்த உராய்வொலி உண்டாம். மூச்சை அடக்கினால் இவ்வொலி நின்றுவிடும். இருதயத்தின் உறையில் எழும் உராய்வொலியோ நில்லாது. இவ்வொரு சோதனையால் நோயின் இடம் விளங்குதல் காண்க.

இனி இருதயத்தை நோக்குவோம். மடை குறுகிய இடத்தில் நீர் சலசலப்பது போல, கதவம் சுருங்கினாலும், முற்ற மூடாது கசிந்தாலும், குருதி சுழித்தோடுதலால் முணுமுணுப்பொலி எழுகின்றது. சிறுவர்க்குச் சிலவகைத் தொண்டைநோயின் பின் வரும் ருமாட்டிக் காய்ச்சல் இக்கதவங்களைக் கெடுக்கவல்லது. அத்தொண்டைநோய்க்கு உரிய காலத்திற் பெனிசிலின் அளித்தால் இக்கேட்டைத் தடுக்கலாம். ஆயினும் முணுமுணுப்பெல்லாம் நோயன்று. நலமுள்ள குழந்தைகள் பலரிடத்தும் தீங்கற்ற முணுமுணுப்புக் கேட்பதுண்டு.

ஒலியினும் ஒலியின்மையே அஞ்சத்தக்கதாகும் இடமும் உண்டு. கடும் இழுப்பால் வருந்துவோன் மார்பில் திணறல் தணியாதிருக்கச் சீழ்க்கை மட்டும் அடங்குமாயின், நோய் தீர்ந்ததென மகிழ்தல் பெருந்தவறாம். சீழ்க்கை எழுப்புதற்கும் போதிய காற்று ஓடாமையே அம்மௌனத்தின் காரணம். சிறிதும் தாழாது அவனை மருத்துவமனை சேர்த்தல் வேண்டும்.

லயனெக் தாம் நுணுகி ஆராய்ந்த காசநோயாலேயே 1826-இல், தமது 45-ஆம் வயதில் இறந்தார். உடலினுள்ளே காட்டும் கருவிகள் பல இன்று உளவேனும், அவர் தந்த குழல் மருத்துவர் கையினின்று நீங்கவில்லை. மருத்துவம் பயில விழையும் நம் மாணவர்கள், முதலில் நலமுள்ள மார்புகள் பலவற்றைப் பொறுமையுடன் கேட்டுப் பழகுவாராக. அப்பயிற்சியே பிறிதொருநாள் ஓருயிரைக் காக்கக்கூடும்.