தேர்வுக்காகத் தமிழை நிறுத்தச் சொன்னது யார்?

"தொடக்கநிலை மூன்றில் ஜிஇபி தேர்வு. ஆங்கிலமும் கணக்கும்தான் கேட்பார்கள். அதனால் வீட்டில் தமிழை நிறுத்திவிட்டோம்." சிங்கப்பூரில் தமிழ் கற்பிக்கும் எனக்கு இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஜிஇபி என்ற மீத்திறன் மாணவர் திட்டத்துக்கான தேர்வு அந்த இரண்டு பாடங்களில்தான் என்பது சரி. அதிலிருந்து நீங்கள் எடுக்கும் முடிவு முழுத் தப்பு.

தமிழை நிறுத்திய வீட்டில் என்ன நடக்கிறது? "கம் ஹியர், ஈட் ஃபாஸ்ட், கோ ஸ்லீப்." அவ்வளவுதான். ஏன், எப்படி, அப்புறம் என்னாச்சு என்ற பேச்செல்லாம் தமிழில்தான் நடந்துகொண்டிருந்தது, அது நின்றுபோகிறது. குழந்தைக்குக் கிடைத்தது ஆங்கிலம் அல்ல, வெறும் கட்டளைகள்.

இந்தக் கணக்கைப் பாருங்கள். காசில் மூன்றில் ஒரு பங்கைச் செலவழித்தான், மிச்சத்தில் பாதியைத் தங்கைக்குக் கொடுத்தான், கையில் 12 வெள்ளி இருக்கிறது. முதலில் எவ்வளவு? தடுமாறுகிற பிள்ளை பெரும்பாலும் 'மிச்சத்தில் பாதி' என்ற இடத்தில்தான் தடுமாறும், மொத்தத்தில் பாதி என்று எடுத்துக்கொண்டு. வீட்டில் பலகாரத்தைப் பங்குபோட்டுப் பேசிப் பழகிய பிள்ளை கட்டம் போட்டு 36 என்று சொல்லிவிடும். எந்த மொழியில் பழகினாலும் அந்தத் தெளிவு ஆங்கிலக் கேள்வித்தாளிலும் கைகொடுக்கும்.

இரண்டு மொழி மூளையைக் குழப்பும் என்பது பழைய கதை. மாண்ட்ரியலில் பத்து வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்த பீலும் லாம்பர்ட்டும் 1962இலேயே அதை உடைத்தார்கள்: இருமொழிப் பிள்ளைகள்தான் அறிவுத்திறன் சோதனைகளில் முந்தினார்கள். இன்னொன்றும் உண்டு. ஆறாம் வகுப்பு முடிவில் எழுதும் பிஎஸ்எல்இயில் நான்கு பாடங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 8 வரை நிலை, நான்கையும் கூட்டித்தான் முடிவு. தாய்மொழிக்கும் கணக்குக்கும் அதில் ஒரே எடை. மூன்றாம் வகுப்பில் தமிழைப் பிடுங்கிவிட்டு ஆறாம் வகுப்பில் அதற்குத் துணைப்பாடம் தேடி என்னிடமே வருகிறீர்கள்!

ஜிஇபி பற்றிய மற்ற வதந்திகளுக்கு இத்தனை பேச்சு தேவையில்லை. ஜிஇபியை ஒழித்துவிட்டார்களா? 1984இல் தொடங்கிய வடிவம்தான் முடிகிறது. பிரதமர் லாரன்ஸ் வோங் இதை 2024 தேசிய தினப் பேரணியில் அறிவித்தார். அந்த ஆண்டில் முதலாம் வகுப்பில் சேர்ந்தவர்களிலிருந்து, பிள்ளைகள் தங்கள் பள்ளியிலேயே இருப்பார்கள். இன்னும் சவால் தேவைப்படுவோருக்கு அருகிலுள்ள பள்ளி ஒன்றில் கூடுதல் வகுப்பு. மூன்றில் தவறினால் கதவு மூடிவிடுமா? இல்லை, நான்கு முதல் ஆறு வரை சேர வாய்ப்புண்டு. ஜிஇபி வகுப்புகள் நடந்த ஒன்பது பள்ளிகளில் ஒன்றில் முதல் வகுப்பிலிருந்தே படித்தால்தான் இடமா? அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை.

அதனால் ஜிஇபி பயிற்சி வகுப்புக்குக் கட்டும் பணத்தைப் பெட்டியில் வையுங்கள். சனிக்கிழமை வட்டார நூலகத்துக்குப் போய், தமிழ்ச் சிறுவர் நூல்களில் பிள்ளையே ஒன்றை எடுக்கட்டும். இரவில் நீங்கள் பத்துப் பக்கம் வாசியுங்கள், அடுத்தது என்ன நடக்கும் என்று கேளுங்கள். பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொன்னாலும் திட்டாதீர்கள். நீங்கள் தமிழிலேயே தொடருங்கள்.