நடந்தால்தான் பாதை

மேகாலயா நம் நாட்டின் வடகிழக்கில் உள்ள மலை மாநிலம். 1972-இல் தனி மாநிலம் ஆனது. தலைநகர் ஷில்லாங். மேகாலயா என்றால் மேகங்களின் வீடு என்று பொருள்.

பெயருக்கு ஏற்றபடி அங்கே மழை அதிகம். உலகிலேயே மிக அதிகமாக மழை பெய்யும் ஊர்கள் அங்கேதான் இருக்கின்றன. ஒன்று சிரபுஞ்சி. இன்னொன்று மவ்சின்ராம். மவ்சின்ராமில் ஓர் ஆண்டில் சுமார் 11,800 மில்லி மீட்டர் மழை பெய்கிறது. அந்தத் தண்ணீர் ஓடாமல் அப்படியே நின்றால் ஏழு ஆள் உயரம் இருக்கும்.

இந்த மலைகளில் காசி, ஜைந்தியா என்ற பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். கங்கைக் கரையில் உள்ள காசி வேறு. இங்கே காசி என்பது மக்களின் பெயர்.

சந்தைக்குப் போன வழி

அங்கே தெற்குச் சரிவு முழுவதும் மலையும் பள்ளமும்தான். ஊருக்கு ஊர் ஒற்றையடிப் பாதைகள் இருந்தன. பல இடங்களில் கல் பதித்துப் படி அமைத்தார்கள்.

பாக்கு, வெற்றிலை, ஆரஞ்சு, பிரிஞ்சி இலை, துடைப்பப் புல் ஆகியவை அங்கே விளைகின்றன. மக்கள் இவற்றைக் கூம்பு வடிவக் கூடையில் போடுவார்கள். கூடையின் பட்டையை நெற்றியில் மாட்டிக்கொள்வார்கள். முதுகில் சுமந்தபடி சந்தைக்கு நடப்பார்கள்.

வழியில் காட்டாறுகள் குறுக்கிடும். மழைக்காலத்தில் ஆற்றில் கால் வைக்க முடியாது. மூங்கில் பாலம் போட்டால் ஈரத்தில் சீக்கிரம் அழுகிவிடும். பாலம் போனால் பாதை போச்சு. சந்தை போச்சு. பிழைப்பும் போச்சு.

அதனால் அந்த மக்கள் வேறு வழி கண்டார்கள். அழுகாத பாலம் வேண்டும். அதற்கு உயிருள்ள பாலம் வேண்டும்.

வளர்க்கும் பாலம்

ஆல மரத்தின் இனத்தைச் சேர்ந்த ஒரு மரம் அங்கே ஆற்றங்கரையில் வளர்கிறது. ஆல மரத்துக்கு விழுது இறங்குவது போல அதற்கும் வேர்கள் இறங்கும். இளம் வேர் கயிறு போல வளைந்து கொடுக்கும்.

மக்கள் முதலில் ஆற்றின் குறுக்கே மூங்கில் சாரம் கட்டுவார்கள். பாக்கு மரத்தைப் பிளந்து, நடுவில் குடைந்து, அதன் மேல் வைப்பார்கள். இளம் வேர்களை அதற்குள் விட்டு அக்கரைக்குக் கொண்டு போவார்கள். அக்கரை மண்ணில் வேர் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். பிறகு புதிது புதிதாக வரும் வேர்களை இதோடு சேர்த்துப் பின்னுவார்கள். இடைவெளியில் கல்லும் மண்ணும் இட்டு நடக்கும் தளம் அமைப்பார்கள்.

ஒரு பாலம் பயன்பாட்டுக்கு வரச் சுமார் 15 முதல் 30 ஆண்டுகள் ஆகும். தாத்தா தொடங்கிய பாலத்தில் பேரன் நடப்பான். நாள் ஆக ஆக மரம் பருக்கும். பாலமும் வலுவாகும்.

காசி மொழிக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் எழுத்து முறை வந்தது. 1844-இல் ஹென்றி யூல் என்ற பிரிட்டிஷ் அதிகாரி இந்தப் பாலங்களைப் பற்றி எழுதினார். அதற்கு முன்பே மக்கள் இவற்றைக் கட்டிவந்தார்கள். ஆனால் பழைய பாலங்களைத் தொடங்கியவர் யார் என்று எழுதி வைக்க ஆள் இல்லை.

கால் படாத பாதை

பின்னர் மலைக்குத் தார்ச் சாலைகள் வந்தன. பேருந்து வந்தது. சாலை தேவைதான். பிரசவ வலி கண்டவளை முதுகில் சுமந்து மலை ஏறும் துன்பம் யாருக்கும் வேண்டாம்.

ஆனால் சாலை வந்த ஊர்களில் பழைய பாதையில் ஆள் நடப்பது குறைந்தது. நடக்காத பாதையில் புதர் மண்டியது. படிக்கற்கள் பெயர்ந்தன. பாலத்தின் வேர்களைப் பின்ன ஆள் வரவில்லை. சில பாலங்கள் வலுவிழந்தன. சில வெள்ளத்தில் போயின.

சாலை போகாத ஊர்களுக்கு இன்றும் பழைய வழிதான். நொங்ரியாத் என்ற ஊருக்கு 3,000-க்கும் மேற்பட்ட படிகளில் இறங்கித்தான் போக வேண்டும். அங்கே ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு வேர்ப் பாலம் இருக்கிறது. அதைப் பார்க்கப் பல நாடுகளிலிருந்தும் மக்கள் வருகிறார்கள். ஊரார் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். வந்தவர்களுக்குச் சோறும் தங்க இடமும் தருகிறார்கள். இதனால் ஊருக்கு வருமானம் வருகிறது.

இதிலும் ஆபத்து உண்டு. அளவுக்கு மீறிக் கூட்டம் ஏறினால் வேர் நசுங்கும். பாலத்தில் சிமெண்டு பூசினால் வேர் வளர முடியாது. எனவே கவனம் வேண்டும்.

ஊர் ஒன்று சேர்ந்தால்

காசி ஊர்களில் தர்பார் என்ற ஊர்ச் சபை உண்டு. பாதையும் பாலமும் ஊருக்குப் பொது. ஊரார் கூடிப் புதர் வெட்டுகிறார்கள், வேர்களைக் கட்டுகிறார்கள். சில ஊர்களில் இளைஞர்கள் பெரியவர்களிடம் கேட்டுக் கற்று, புதிய வேர்ப் பாலங்களை வளர்க்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

70-க்கும் மேற்பட்ட ஊர்களில் வேர்ப் பாலங்கள் உள்ளன. யுனெஸ்கோ என்ற உலக அமைப்பு பாரம்பரியச் சின்னங்களின் பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறது. அதில் சேர்ப்பதற்கான உத்தேசப் பட்டியலில் 2022-இல் இந்தப் பாலங்கள் இடம் பெற்றன. இது பெருமைதான். ஆனால் பட்டியல் புதர் வெட்டாது. வேர் பின்னாது. அதை ஊரார்தான் செய்ய வேண்டும். நடக்கும் காலும் பேணும் கையும் இருந்தால்தான் பாதை வாழும்.

பேசிப் பார்ப்போம்

1. மூங்கில் பாலத்தை விட வேர்ப் பாலம் ஏன் நெடுநாள் நிற்கிறது?
2. சாலை வந்த பிறகு பழைய பாதைகள் ஏன் அழிந்தன?
3. பார்க்க வருபவர்களால் ஊருக்கு என்ன நன்மை? என்ன தீமை?

எழுதிப் பார்ப்போம்

உங்கள் ஊரில் பழைய நடைவழி இருக்கிறதா? வயதில் மூத்தவர்களிடம் கேளுங்கள். அதன் பெயர் என்ன? எங்கிருந்து எங்கே போகிறது? வழியில் உள்ள கிணறு, மரம், சுமைதாங்கிக் கல் எவை? இவற்றை ஐந்து வரிகளில் எழுதுங்கள். எழுதியதை ஊர்க் கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள்.