கிடாரிக் கன்றுக்கு முதல் ஓராண்டு

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வன்னியம்பட்டி வட்டாரத்தில் கறவை வைத்திருப்போர் பாலில் காட்டும் அக்கறையைக் கன்றிடமும் காட்டவேண்டும். இன்றைய கிடாரியே நாளைய கறவை.

கன்று ஈன்றதும், நஞ்சுக்கொடி விழட்டும் என்று சீம்பால் கொடுக்காமல் காத்திருப்பது தவறு. கன்று நோய் எதிர்ப்புச் சக்தியோடு பிறப்பதில்லை. சீம்பால் வழியாகவே அதைப் பெறுகிறது. நேரம் ஆக ஆக அதை ஏற்கும் திறன் குடலில் குறைந்து, ஒரு நாளில் நின்றுவிடும். ஆகவே இரண்டு மணி நேரத்துக்குள் முதல் சீம்பாலை ஊட்டிவிடவேண்டும். கன்று மடியில் ஊட்டினால் கருப்பை சுருங்கும். நஞ்சுக்கொடி விழவும் அது உதவும். 25 கிலோ எடையுள்ள கன்றுக்கு நாளொன்றுக்கு 2½ லிட்டர் தேவை. இதைப் பல வேளையாகப் பிரித்துக் கொடுக்கவும்.

தொப்புள் கொடியில் டிங்சர் அயோடின் தடவவேண்டும்.

தாய்ப்பால் வழியாகவும் உருண்டைப்புழு கன்றுக்கு வரும். எனவே 10-ம் நாள் முதல் மாதம் ஒருமுறை, ஆறு மாதத்துக்குப் பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் புழு மருந்து கொடுக்கவும். இரண்டாவது வாரத்திலிருந்து கன்றுத் தீவனமும் இளம் புல்லும் சிறிது சிறிதாகப் பழக்கலாம்.

நான்காம் மாதத்தில் கோமாரித் தடுப்பூசி போடவேண்டும். கிடாரிக்கு 4 முதல் 8 மாதத்துக்குள் புருசெல்லோசிஸ் தடுப்பூசியும் ஒருமுறை அவசியம். இதைத் தவறவிட்டால் பின்னாளில் சினை கலையும் அபாயம் உண்டு. பிறந்த தேதியை நாட்காட்டியில் குறித்து வைப்பது நல்லது.